நடந்து போனால் மட்டும் போதுமா?

2019 ஜூன் மாதம், மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்திலுள்ள திப்பேஷ்வர் சரணாலயத்தை விட்டு ஓர் இளம் ஆண் புலி வெளியேறியது. பிறந்த காட்டில் இடமில்லை என்றானதும் ஆண் புலிகள் வழக்கமாகச் செய்வதுதான் இது. இந்தப் புலியின் கழுத்தில் ரேடியோ காலர் இருந்ததால் அது போன வழி நமக்குத் தெரியும். பருத்தி வயல், ஓடைக்கரைப் புதர், நெடுஞ்சாலை, ஊர்க் கொல்லைப்புறம் என எல்லாவற்றையும் தாண்டியது. பகலில் பதுங்கியது, இரவில் நடந்தது. இடையில் தெலங்கானாவுக்குள்ளும் போய் வந்தது. ஒன்பது மாதங்களில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் நடந்து, கடைசியில் புல்டானா மாவட்டத்து ஞானகங்கா சரணாலயத்தில் தங்கியது. 'வாக்கர்' என்று அதற்குப் பெயர் வைத்துப் பத்திரிகைகள் கொண்டாடின.

ஞானகங்காவில் நீல்காய் உண்டு, காட்டுப்பன்றி உண்டு, சிறுத்தையும் உண்டு. அப்போது அங்கே வேறு புலி இல்லை. துணைக்கு ஒரு பெண் புலியைக் கொண்டுவந்து விடலாமா என்று வனத்துறை யோசிக்க வேண்டியதாயிற்று.

அந்த நடையைக் குறைத்துச் சொல்லவில்லை. மனிதர்கள் நெருக்கியடித்து வாழும் நிலத்திலும் புலி ஒன்று ஊர் ஊராகக் கடந்து போக முடியும் என்று அது காட்டிவிட்டது. ஆனால் புலி இனத்தின் கணக்குப் புத்தகத்தில் அந்த 3,000 கிலோமீட்டருக்கு வரவு எதுவும் எழுத முடியாது. போன இடத்தில் அது இணை சேர்ந்து, குட்டிகள் பிறந்து, அந்தக் குட்டிகளும் வளர்ந்திருந்தால்தான் இரண்டு காடுகள் 'இணைந்திருக்கின்றன' என்று உயிரியலாளர் ஒப்புக்கொள்வார். வரைபடத்தில் பச்சை தொடர்ந்து தெரிகிறது என்பதற்காகப் புலி அதில் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நடந்துவிட்டது என்பதற்காக அங்கே குடும்பம் அமைத்தது என்றும் முடிவு கட்ட முடியாது. காலர் நடையைத்தான் சொல்லும். குடும்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் மரபணுவிடம்தான் போக வேண்டும்.

ஏன் இவ்வளவு கவலை? 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரியாக 3,682 புலிகள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவை ஒரே கூட்டமாக இல்லை; ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்பகங்களிலும் அவற்றைச் சுற்றிய காடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, சத்தியமங்கலம் என்று காடு காட்டோடு தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள் குறைவு. பல காப்பகங்களில் இருப்பவை சில பத்துப் புலிகள்தான். அத்தனை சிறிய கூட்டத்தின் கதவை அடைத்துவிட்டால் சில தலைமுறைகளில் எல்லாமே ஒன்றுக்கொன்று உறவாகிவிடும். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டு மருத்துவர்கள் எத்தனையோ குடும்பங்களிடம் விளக்கியிருக்கிறார்கள். புலிக்கும் கணக்கு அதேதான். மறைந்திருக்கும் பழுதான மரபணு ஒன்று தாய்வழியிலும் தந்தைவழியிலும் சேர்ந்து வந்துவிட்டால் குட்டியில் அது வெளிப்படும்.

இதற்கு மருந்து எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். 1931இல் அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் போட்ட கணக்கிலிருந்து 'தலைமுறைக்கு ஒரு வரத்து' என்ற விதி பிறந்தது. வெளியிலிருந்து தலைமுறைக்கு ஒரு விலங்கு வந்து சேர்ந்தால் இரண்டு கூட்டங்கள் முற்றாகப் பிரிந்துபோகாது என்பது அதன் சாரம். நிஜக் காடு அந்தக் கணக்கிலுள்ள காடு போல ஒழுங்காக இருக்காது, ஒன்றிலிருந்து பத்து வரை தேவைப்படலாம் என்று 1996இல் மில்ஸும் அல்லென்டார்ஃபும் திருத்தினார்கள். இரண்டிலுமே நிபந்தனை ஒன்றுதான்: வந்த விலங்கு அங்கே இனப்பெருக்கம் செய்ய வேண்டும். வாக்கர் போன்றவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

*

புலியின் டிஎன்ஏ வேண்டுமென்றால் புலியைப் பிடிக்க வேண்டியதில்லை. அதன் எச்சம் போதும்.

புலிக்கு முட்செடிக்குள் நுழைந்து போவதைவிட ஜீப் பாதையில் நடப்பது பிடிக்கும். போகிற வழியில் பாதை ஓரத்திலோ நடுவிலோ எச்சமிடும், பக்கத்திலேயே பின்னங்காலால் மண்ணைக் கீறிவைக்கும். மற்ற புலிகளுக்கான அறிவிப்பு அது. ஆராய்ச்சியாளருக்கும் அதுவே அறிவிப்பு. எச்சத்தைக் குச்சியால் பிரித்துப் பார்த்தால் புள்ளிமானின் முடி, எலும்புத் துணுக்கு, சில சமயம் முழுக் குளம்பு. அது புலி என்ன தின்றது என்பதைச் சொல்லும். நமக்கு வேண்டியது உள்ளே இல்லை, மேலே பூசினாற்போல் பளபளக்கும் வழவழப்பில் இருக்கிறது. குடல் வழியாக எச்சம் இறங்கும்போது குடல் சுவரின் செல்கள் உரிந்து அதில் ஒட்டிக்கொள்கின்றன. புலியின் டிஎன்ஏ அந்தச் செல்களில்தான். கையுறை போட்டுக்கொண்டு மேல்பூச்சை மட்டும் மெல்லச் சுரண்டி, ஆல்கஹால் குப்பியில் போட்டு, இடத்தையும் தேதியையும் எழுதி மூட வேண்டும். மழை பட்டால் அந்தப் பூச்சு கரைந்து போய்விடும். மத்திய இந்தியாவின் கோடை வெயிலில் கிடந்தால் வெளுத்துச் சுண்ணாம்புக் கட்டிபோல் ஆகிவிடும். ஆகவே யார் முதலில் பாதைக்குப் போகிறார்கள், சூரியனா ஆராய்ச்சி மாணவரா என்பதில் ஒரு போட்டியே உண்டு.

அனுபவமுள்ள வனக்காவலர் அளவையும் சுற்றியுள்ள தடத்தையும் வைத்து 'இது புலி, அது சிறுத்தை' என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் பெரிய சிறுத்தையும் இளம்புலியும் இந்த விஷயத்தில் ஏமாற்றும். அதனால் ஆய்வகத்தில் முதல் கேள்வியே 'இது புலியா' என்பதுதான். புலிக்கு மட்டுமே உரிய ஒரு டிஎன்ஏ துண்டைத் தேடுவார்கள். குப்பியில் புலியின் டிஎன்ஏவைவிடப் பாக்டீரியாவின் டிஎன்ஏவும் புள்ளிமானின் டிஎன்ஏவும் அதிகம். அந்தக் கும்பலில் நமக்கு வேண்டிய துண்டை மட்டும் லட்சக்கணக்கில் நகலெடுக்க உதவுவது பிசிஆர். 1983இல் கேரி முல்லிஸ் யோசித்து, 1993இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித்தந்த அதே உத்தி. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பழகிப்போன அந்தப் பெயரேதான்.

புலிதான் என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி, எந்தப் புலி? டிஎன்ஏவில் சில இடங்களில் 'சிஏசிஏசிஏ' என்று ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது புலிக்குப் புலி மாறும். தாயிடமிருந்து ஓர் எண், தந்தையிடமிருந்து ஓர் எண். ஓரிடத்தில் ஒரு புலிக்கு 14, 17 என்று வந்தால் இன்னொன்றுக்கு 15, 15 என்று வரலாம். ஓரிடத்தில் இருவருக்கு ஒரே எண் வரலாம். பத்துப் பன்னிரண்டு இடங்களிலும் அப்படியே பொருந்துவது மிக அரிது. ஆகவே இந்த எண் வரிசை அந்தப் புலியின் கையெழுத்து ஆகிவிடுகிறது.

இங்கேதான் ஒரு பெரிய குழி. எச்சத்திலுள்ள டிஎன்ஏ சிதைந்தது. 14, 17 என்றிருப்பதில் 17 நகலாகாமல் தவறிவிட்டால் கருவி 14, 14 என்று காட்டும். ஒரே புலி இரண்டு புலியாகிவிடும். காட்டில் இல்லாத புலிகள் காகிதத்தில் பிறக்கும். அதனால் ஒவ்வொரு மாதிரியையும் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று நான்கு முறை திரும்பச் செய்து, விடை ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஒத்துப்போகாததைக் கழித்துவிடுவார்கள். காட்டில் வியர்க்க விறுவிறுக்கச் சேகரித்த குப்பிகளில் கணிசமானவை இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. வெளியாகும் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோகும் இந்த வேலைதான் இந்தத் துறையின் முதுகெலும்பு என்பேன். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் எச்சம், உதிர்ந்த முடி, இரையின் மேல் ஒட்டிய எச்சில் போன்ற மோசமான மாதிரிகளிலிருந்தும் நூறு போல் தனி எழுத்து மாற்றங்களை ஒரே மூச்சில் படிக்கும் முறையை உருவாக்கியபின் வேலை சற்று எளிதாகியிருக்கிறது.

*

ஒவ்வொரு காட்டிலும் சில எண்கள் அதிகமாகவும் சில அரிதாகவும் இருக்கும். ஒரு காட்டில் கிடைத்த எச்சத்தின் எண் வரிசை இன்னொரு காட்டின் சாயலைக் காட்டினால் அந்தப் புலியோ அதன் பெற்றோரோ அங்கிருந்து வந்திருக்க வேண்டும். ஆதித்ய ஜோஷி, உமா ராமகிருஷ்ணன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில் மத்திய இந்தியாவின் ஆறு காப்பகங்களிலிருந்து 55 புலிகளை இப்படி அடையாளம் கண்டார்கள். 650 கிலோமீட்டர் தொலைவுள்ள காடுகளுக்கிடையேகூடப் புலிகள் போய்வந்திருப்பது தெரிந்தது. அதைவிட முக்கியமான முடிவு வேறு. காடுகளுக்கிடையே எத்தனை கிலோமீட்டர் என்பது பெரிதாகப் பொருட்டில்லை. நடுவே எத்தனை குடியிருப்பு, எத்தனை சாலை என்பதுதான் பொருட்டு. ஆள் குறைவான நிலத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைப் புலி தாண்டிவிடும். நடுவே ஊர்கள் நெருங்கிவிட்டால் அருகிலுள்ள காடுகூட எட்டாத தொலைவாகிவிடும்.

அதே ஆண்டு சந்தீப் சர்மா, திரிஷ்ணா தத்தா குழுவினர் கன்ஹா, பெஞ்ச், சத்புரா, மேல்காட் என்ற நான்கு காப்பகங்களின் 273 புலிகளை வைத்துக் காலத்தைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். 45,000 சதுர கிலோமீட்டர் பரப்பு அது. புலிகள் அங்கே ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் பரவின. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கூட்டங்கள் பிரியத் தொடங்கின. கடந்த 200 ஆண்டுகளில் பிரிவு வேகமெடுத்தது. ஆனாலும் காட்டு வழித்தடங்கள் மிச்சமிருக்கும் இடங்களில் மரபணுப் பரிமாற்றம் இன்னும் நடக்கிறது. வழித்தடம் என்பது வனத்துறையின் ஆசைக்கோடு அல்ல, புலிகள் உண்மையிலேயே பயன்படுத்தும் பாதை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கேட்க முடியாது.

எந்த நிலம் விலங்கை எவ்வளவு தடுக்கிறது என்பதை எப்படி அளப்பது? பிராட் மெக்ரே என்ற அமெரிக்கர் மின்பொறியாளராக இருந்து சூழலியலுக்கு வந்தவர். பழைய தொழிலை மறக்காமல், நிலப்பரப்பை ஒரு மின்சுற்றாகவே கணக்கிட்டுவிட்டார். அடர்காட்டுக்குக் குறைந்த மின்தடை, வயலுக்குக் கொஞ்சம் கூட, நகரத்துக்கு மிக அதிகம். ஒரு காப்பகத்தில் மின்னோட்டம் கொடுத்து இன்னொன்றில் எடுத்தால் எவ்வழியே எவ்வளவு பாயும்? எந்தத் தடை எண்களைக் கொடுத்தால் கணினியின் விடை மரபணு காட்டும் உறவுத் தூரத்தோடு பொருந்துகிறதோ, அவையே அந்த விலங்கு உணரும் தடைகள். நிபுணர்கள் உட்கார்ந்து ஊகிக்க வேண்டியதில்லை, புலிகளே மதிப்பெண் போட்டுவிடுகின்றன. பிராச்சி தத்தே தலைமையில் ஒன்பது காப்பகங்களின் 116 புலிகளை வைத்து 2018இல் வந்த ஆய்வில் நில வகை, வாகன நெரிசல் மிகுந்த சாலை, அடர்ந்த குடியிருப்பு ஆகியவைதான் பெரிய தடைகள் என்று தெரிந்தது. அதே நிலத்துக் காட்டுப் பூனையை ஆராய்ந்தபோது அதன் மரபணுவில் மனிதத் தடைகளின் தழும்பு அவ்வளவாக இல்லை. வயல்வரப்பும் எலியும் இருந்தால் அதற்குப் போதும். ஆகவே 'வனவிலங்கு வழித்தடம்' என்று பொதுவாக ஒரு கோட்டைப் போட்டுவிட்டு எல்லா விலங்குக்கும் செய்து முடித்துவிட்டோம் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

*

கதவு முழுக்க அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் சிமிலிபால் போதும்.

சிமிலிபாலில் கறுப்புப் புலிகள் உண்டு. முழுக் கறுப்பல்ல, கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து, முதுகில் மை கொட்டினாற்போல் இருக்கும். 2021இல் வந்த ஆய்வின்படி அங்குள்ள புலிகளில் சுமார் 37 சதவீதம் இப்படி. உலகில் வேறெந்தக் காட்டிலும் தானியங்கி கேமராவில் இப்படியொரு புலி பதிவாகவில்லை. காரணத்தை உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் கண்டுபிடித்தது. அதற்கான தடயத்தைக் காட்டுக்கு முன்பே கூண்டில் தேடினார்கள். புவனேஸ்வரத்தின் நந்தன்கானன், நம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆகியவற்றிலும் இப்படிப்பட்ட புலிகள் பிறந்திருக்கின்றன. அவற்றின் பெற்றோர் யார் என்ற பதிவேடும் இருக்கிறது. டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். ஆப்பிரிக்காவின் 'ராஜ சிவிங்கிப்புலி'யின் திட்டுத்திட்டான தோலுக்கும், வீட்டுப் பூனைகள் சிலவற்றின் சுழிக்கோட்டுக்கும் இதே மரபணுதான் காரணம். பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால்தான் குட்டி கறுக்கும்.

பிறகு எச்சங்களுக்கு வந்தார்கள். சிமிலிபாலின் 12 புலிகளில் அந்த மாற்றத்தின் விகிதம் 0.58. இந்தியாவின் பிற இடங்களையும் சேர்த்துப் பார்த்த மற்ற 395 புலிகளில் ஒன்றில்கூட இல்லை. கறுப்பு நிறம் அடர்காட்டில் ஒளிந்துகொள்ள உதவுவதால் பரவியது என்று ஒரு விளக்கம் சுலபமாகத் தோன்றும். ஆனால் தற்செயலே போதுமான விளக்கம் என்று கணக்கீடுகள் சொல்கின்றன. சில புலிகளிலிருந்து பெருகிய கூட்டம். வெளியிலிருந்து வரத்து இல்லை. அந்தச் சிலரில் யாரோ சுமந்து வந்த அரிய மாற்றம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. கறுப்புப் புலியைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் ஆசைப்படுகிறார்கள். எனக்கு அந்தப் படங்கள் உறவு வட்டம் சுருங்கிப்போன ஒரு குடும்பத்தின் படமாகவே தெரிகின்றன. நிறத்தில் நிகழ்ந்தது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இதயத்திலோ விந்தணுவிலோ நோய் எதிர்ப்பிலோ நிகழ்ந்தால் யார் பார்ப்பது? அமெரிக்காவின் ஃப்ளோரிடா பூமாக்களுக்கு அதுதான் நேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் இருபது முப்பதே மிஞ்சின. வால் வளைந்தவை, இதயக் குறையுள்ளவை, விரை இறங்காத ஆண்கள். 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஐந்து குட்டி போட்டன. கூட்டம் பெருகியது, குறைகளும் குறைந்தன.

சிமிலிபாலுக்கும் அதே வைத்தியம் 2024 இறுதியில் தொடங்கியது. மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண் புலிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஜீனத்துக்குப் புது வீடு பிடிக்கவில்லை. காப்பகத்தை விட்டு வெளியேறி ஜார்கண்டுக்குள் போனது, அங்கிருந்து மேற்கு வங்கத்துக்குள் நுழைந்தது. மூன்று மாநில வனத்துறையும் பின்னாலேயே ஓடி, டிசம்பர் 29 அன்று பாங்குரா மாவட்டத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துத் திரும்ப அழைத்துவந்தார்கள். லாரியில் மரபணு கொண்டுபோவது அவசர சிகிச்சை. எல்லாக் காப்பகத்துக்கும் தலைமுறைதோறும் அதைச் செய்துகொண்டிருக்க யாராலும் முடியாது.

*

மரபணு ஆய்வுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது நேற்றைய செய்தியை இன்று சொல்லும். புலிக்கு ஒரு தலைமுறை ஏறத்தாழ ஐந்தாண்டு. இன்று ஒரு வழித்தடத்தைச் சுரங்கம் தோண்டி அறுத்துவிட்டால் அதன் விளைவு எண் வரிசைகளில் தெளிவாகத் தெரியப் பல தலைமுறைகள் ஆகலாம். 'மரபணுப் பரிமாற்றம் நன்றாக இருக்கிறது என்று ஆய்வே சொல்கிறதே, பிறகென்ன?' என்று சாலைத் திட்டக்காரர் கேட்டால், நீங்கள் பார்ப்பது உங்கள் சாலைக்கு முந்தைய காட்டை என்பதே சரியான பதில். ஆகவே மரபணுவோடு காலரும் கேமராவும் சேர வேண்டும்.

கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, சேலம், ஓசூர் வழியே ஸ்ரீநகர் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல் நம்மில் பலர் பயணம் செய்திருப்போம். நாக்பூரைத் தாண்டியதும் அது பெஞ்ச் காட்டை, கன்ஹா–பெஞ்ச் வழித்தடத்தை, அறுத்துக்கொண்டு போகிறது. நான்கு வழியாக அகலப்படுத்த முனைந்தபோது நீண்ட வழக்கும் இழுபறியும் நடந்தது. முடிவில் மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் அடியில் கடக்க ஒன்பது கட்டமைப்புகள் எழுந்தன. பெரியது 750 மீட்டர் நீளம். 2019இல் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் பத்து மாதம் கேமரா வைத்துப் பார்த்தபோது 18 வகை விலங்குகள் அவ்வழியே கடந்திருந்தன. 11 புலிகள் 89 முறை. வேலைக்கு ஆகாது என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில். ஆனால் அந்தப் பாலங்கள் வந்தது வழக்குப் போட்டு இழுத்தடித்த பிறகு. சாலைக்கு அளவுக்கல் நடும்போதே திட்டத்தில் இருந்திருக்க வேண்டியவை அவை.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இல் 2006ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 38-ஓ பிரிவு, காப்பகங்களை மட்டுமல்ல, ஒரு காப்பகத்தை இன்னொன்றோடு இணைக்கும் நிலத்தையும் பொதுநலன் கருதியன்றி, தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும் இன்றி, சூழலுக்கு ஒவ்வாத பயன்பாட்டுக்குத் திருப்பக் கூடாது என்கிறது. எது அந்த இணைக்கும் நிலம் என்று காட்டும் மரபணு வரைபடம் மத்திய இந்தியாவுக்குத் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு புதிய சாலை, ரயில்பாதை, சுரங்கத்தின் கோப்பிலும் அந்த வரைபடம் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.